பூட்டிய வீட்டுக்கு மாஸ்டிஃப் வேண்டாம்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர் முதலிய செட்டிநாட்டு ஊர்களில், ஒரு தெருவில் முகப்பாகத் தொடங்கி, வளவு என்னும் உள்முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு, அடுத்த தெருவில் கொல்லை வாசலாக முடியும் பெரிய வீடுகள் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன என்பதும், அவற்றின் பர்மாத் தேக்குத் தூண்களையும் சித்திர வேலைப்பாடுள்ள நிலைகளையும் திருடர் கையில் சிக்காமல் காப்பது எப்படி என்பதே சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வாழும் பங்காளிகளின் தீராத விசாரம் என்பதும் இப்பிரதேசத்தை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. அந்த விசாரத்துக்குப் பரிகாரமாக, மாஸ்டிஃப் ஜாதி நாய் ஒன்றை வாங்கி வளவில் விட்டுவிட்டால் போதும், அதன் உருவத்தைக் கண்டே திருடன் ஓடிவிடுவான் என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். இந்த யோசனையை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். வீட்டின் பொருட்டு அல்ல, அந்த நாயின் பொருட்டே எதிர்க்கிறேன்.

ஆங்கில மாஸ்டிஃப், புல்மாஸ்டிஃப், இத்தாலி தேசத்து நியாபொலிட்டன், இமயத்துக்கு அப்பாலுள்ள திபெத்திய மாஸ்டிஃப், பஞ்சாபில் பெருநிலக்காரர்கள் வளர்த்த புல்லி குத்தா ஆகிய யாவும் பெருந்தலையும் அகன்ற மார்பும் கொண்ட ஒரே வகையைச் சேர்ந்தனவாக எண்ணப்படுபவை. இவ்வகை நாய்களின் பழமைக்குச் சான்று தேடுவோர், கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் அசூர்பானிபாலின் நினிவே அரண்மனைச் சுவர்களில் செதுக்கப்பட்டு, இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் வேட்டை நாய்ச் சிற்பங்களைக் காட்டுவது வழக்கம். அந்தப் பிரமாண்டமான முகத்தைப் பார்த்துவிட்டு இது மகா குரூரமான பிராணி என்று முடிவு கட்டுவோர், அதன் சுபாவத்தை அறியாதவர்கள். புல்மாஸ்டிஃபின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பிரபுக்களின் காடுகளில் இரவில் புகுந்து திருட்டு வேட்டையாடுவோரைப் பிடிப்பதற்காகக் காவலர்கள் மாஸ்டிஃபையும் புல்டாகையும் கலந்து இந்த நாயை உண்டாக்கினார்கள். 1924-இல் அந்நாட்டுக் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக அங்கீகரித்தது. அது செய்யவேண்டிய வேலை, ஆளைக் கடித்துக் குதறாமல் கீழே தள்ளி, எஜமானன் வந்து சேரும்வரை அமுக்கி வைத்திருப்பது. பலமும் அடக்கமும் ஒரே சரீரத்தில் சேர்ந்திருந்தாலன்றி அந்த வேலை நடவாது.

ஆகையால், நல்ல பரம்பரையில் பிறந்து நன்றாகப் பழக்கப்பட்ட மாஸ்டிஃப், குடும்பத்தோடு இருக்கும்போது பெரும்பாலும் சாதுவான ஜீவன். காரணமில்லாமல் குரைக்காது. ஓடியாடி விளையாடுவதைக் காட்டிலும், பெரியவர் பத்திரிகை படிக்கும் நாற்காலிக்கு அருகில் படுத்து, தன் தலையை அவர் பாதத்தின்மேல் வைத்துக்கொள்வதில் அதற்குப் பிரியம் அதிகம். குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு என்பதையும், ஆங்கில மாஸ்டிஃப் ஆண் நாயின் எடை 70 கிலோவிலிருந்து 100 கிலோ வரை போகும் என்பதையும் மறக்கலாகாது. 1989-இல் உலகிலேயே கனமான நாய் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற சோர்பா என்னும் ஆங்கில மாஸ்டிஃபின் எடை 155 கிலோ. இத்தகைய பிராணி அன்பின் மிகுதியால் திரும்பி வாலை ஆட்டினாலே நடை பழகும் குழந்தை தரையில் விழும். மூன்று வயதுக் குழந்தையையும் இந்த நாயையும் பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் தனியே விடக்கூடாது என்பதில் எனக்குச் சமரசமே கிடையாது.

வளர்ப்பவர் படவேண்டிய சில்லறைச் சங்கடங்களும் உண்டு. தொங்கும் உதட்டிலிருந்து எந்நேரமும் எச்சில் ஒழுகும். தலையை உதறினால் அது சுவரில் போய்த் தெறிக்கும். இரவில் குறட்டை விடும். இவை சிரித்துக்கொண்டே சகித்துக்கொள்ளக் கூடியவை. சகிக்க முடியாதது அதன் அற்ப ஆயுள். ஆங்கில மாஸ்டிஃப் சாதாரணமாக ஆறிலிருந்து பத்து ஆண்டுகளே வாழ்கிறது. குட்டிப் பருவம் முடிந்து சரீரம் முழு வளர்ச்சி அடையவே இரண்டு மூன்று ஆண்டுகள் செல்வதால், அது முழு நாயாக நம்மோடு இருக்கும் காலம் மிகக் குறைவு. அந்த வளர்ச்சிக் காலத்தில் அதிகம் ஓடவிட்டாலும், மாடிப்படி ஏறி இறங்கவிட்டாலும், கொழுக்கத் தீனி போட்டாலும் இடுப்பு மூட்டு கெட்டுப்போகும். வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஒரு வியாதியும் இவ்வினத்துக்கு உண்டு. சில மணி நேரத்தில் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்காது. எனவே ஆகாரத்தை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்து, உண்டவுடன் ஓடவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

செட்டிநாட்டு வீடு இந்த நாய்க்கு ஏற்றதா என்று கேட்டால், இட வசதியில் ஏற்றதுதான். உயர்ந்த கூரையும் திறந்த வளவும் தடித்த சுவரும் கத்திரி வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியை நிறுத்தி வைக்கின்றன. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வேர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே உஷ்ணத்தைப் போக்கிக்கொள்ளும் பிராணியாதலால், கனத்த உடம்புள்ள மாஸ்டிஃபுக்கு நம் சித்திரை வைகாசி பெரும் உபத்திரவம். அது தானாகவே போய்ப் படுக்கும் இடம் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையாகத்தான் இருக்கும். ஆனால் உடம்புக்குக் குளிர்ச்சி தரும் அந்த வழவழப்பான தரையே காலுக்குச் சத்துரு. வளரும் குட்டி அதில் வழுக்கி வழுக்கி நடந்தால் மூட்டு பாழாகும், வெறுந்தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் காய்ப்புக் காய்க்கும். சாக்கோ ஜமுக்காளமோ விரித்துப் பழக்க வேண்டும். அடுப்படியின் அபாயம் இதைவிடப் பெரிது. வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்பதைப் பலர் அறியார். சின்ன வெங்காயத்தைக் கை நிறைய அள்ளிப் போட்டு வதக்கிய கோழிக் குழம்பின் மிச்சத்தைச் சோற்றில் பிசைந்து வைப்பது நம் வீடுகளில் தயையின் அடையாளமாகக் கருதப்படுகிறது. அதன் இரத்தத்தையே கெடுக்கும் தயை அது. வேகவைத்த கோழி எலும்பும் கூடாது. உடைந்து கூராகிக் குடலைக் கிழிக்கும்.

தீனிச் செலவைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை, பண்டைய கிரேக்க சரித்திராசிரியர் ஹெரடோட்டஸ் சொல்லிவிட்டார். பாபிலோனை ஆண்ட பாரசீக ஆளுநர் ஒருவர் வைத்திருந்த இந்திய நாய்களுக்குத் தீனி போடும் பொறுப்பு நான்கு பெரிய கிராமங்களின் தலையில் சுமத்தப்பட்டு, அதற்கு ஈடாக மற்ற வரிகளிலிருந்து அக்கிராமங்கள் விலக்கப்பட்டன என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் உலக யுத்த காலத்து உணவுத் தட்டுப்பாட்டில் இங்கிலாந்திலேயே மாஸ்டிஃப் இனம் அநேகமாக அற்றுப்போய், பின்னர் வட அமெரிக்காவிலிருந்து நாய்களைத் தருவித்து அதை மீட்க நேர்ந்தது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலராக இருக்கும் நம் ஊரில், நாய்க்கு இறைச்சி வாங்கும் முறை இந்த மாதம் எந்தப் புள்ளிக்கு, அதாவது எந்தக் குடும்பத்துக்கு, என்ற வழக்கு எங்கே போய் முடியும் என்பதை வாசகரின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

இத்தகைய நாய்களை வளர்க்க அனுமதிக்கும் விஷயத்தில் சர்க்கார் தடுமாறியது உண்மை. 2024 மார்ச்சில் மத்திய அரசு, மூர்க்கமானவை என்று இருபத்து மூன்று வகை நாய்களைக் குறிப்பிட்டு, அவற்றைத் தடை செய்யும்படி மாநிலங்களுக்கு எழுதியது. அப்பட்டியலில் மாஸ்டிஃப் என்ற ஒரே சொல் ஒரு பெரிய வகை முழுவதையும் வாரிக்கொண்டது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து ஆலோசிக்கவில்லை என்று ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியபின், தமிழக அதிகாரிகளும் அதே தடையை அறிவித்து, உடனே திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதே ஆண்டில் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் சீதோஷ்ணத்துக்கு ஒவ்வாதவை என்று குறித்த இனங்களுள் திபெத்திய மாஸ்டிஃபும் ஒன்று. பயத்தில் பிறந்த பட்டியலைக் காட்டிலும் வெயிலை அளந்து போட்ட இந்தப் பட்டியலையே நான் நியாயமானதாகக் கருதுகிறேன். பனிமலைக்கென்று அடர்ந்த ரோமம் வளர்த்த நாயைச் சிவகங்கைச் சீமைக்குக் கொண்டுவருவது பாபம்.

இனிப் பூட்டிய வீட்டுக்கு வருவோம். மாஸ்டிஃபின் காவல் குணம் முழுவதும் அதன் பாசத்திலிருந்து பிறப்பது. தன் மனிதர் யார், அந்நியர் யார் என்று ஒவ்வொரு நாளும் பார்த்துப் பழகித்தான் அது விவேகம் பெறுகிறது. காலையும் மாலையும் ஒருவர் வந்து சோறு வைத்துவிட்டுப் போக, மற்ற நேரமெல்லாம் வெறும் வளவில் சங்கிலியோடு கிடக்கும் நாய்க்கு அந்த விவேகம் எங்கிருந்து வரும்? அப்படி இரண்டு ஆண்டு கிடந்தபின், ஒரு நாள் முன்னோர் படைப்புக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ வீடு திறக்கப்பட்டு, அது முன்பின் பார்த்திராத நூறு பேர், மேளச் சத்தத்தோடும் பட்டுப் பாவாடைக் குழந்தைகளோடும் உள்ளே நுழைகிறார்கள். அவர்கள்தாம் எஜமானர்கள் என்பது பத்திரத்தில் இருக்கிறது, நாய்க்குத் தெரியாது. அன்று நேரக்கூடிய விபரீதத்துக்கு நாயைச் சுட்டிக்காட்டிப் பத்திரிகையில் செய்தி வரும்.

நாயை இப்படிக் கட்டிப்போட்டு வைப்பது சட்டப்படியும் குற்றம். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் எடுத்த முயற்சியின் பலனாக வந்த 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பிராணியை நெடுநேரம் குறுகிய சங்கிலியில் கட்டி வைப்பதைக் குற்றம் என்கிறது. அதோடு, வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாயை நடத்திச் சென்று உடற்பயிற்சி கொடுக்கத் தவறும் சொந்தக்காரரையும் தனியாகக் குறிப்பிடுகிறது. நாயை வாகனமாகக் கொண்ட வைரவருக்கு வைரவன்பட்டியில் வழிபாடு செய்யும் நாட்டினருக்கு இதைச் சட்டம் சொல்லித்தான் தெரியவேண்டுமா என்பது வேறு விஷயம்.

காரைக்குடியில் நிரந்தரமாகக் குடியிருந்து, நாளும் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய குடும்பத்தினர் மாஸ்டிஃப் வளர்க்க விரும்பினால் தாராளமாக வளர்க்கட்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதை 2017-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன; தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்கவே கூடாது. குட்டி ஆறு மாதம் அடைவதற்குள் விருந்தாளி, தெரு நாய், வண்டிச் சத்தம் யாவற்றுக்கும் அதைப் பழக்கிவிட வேண்டும். 70 கிலோ நாயைக் கயிற்றைப் பிடித்து இழுத்துத் திருத்துவது யாராலும் ஆகாது. வெயில் தாங்கும் காவல் நாய்தான் வேண்டும் என்போருக்கு, மாஸ்டிஃபின் எடையில் பாதிகூட இல்லாத இராஜபாளையமும் கோம்பையும் அருகிலேயே இருக்கின்றன. ஆனால் அவையும் மனிதரோடு வாழவேண்டியவையே. ஆளில்லாத வீட்டுக்காரர்கள் எந்த நாயையும் வாங்க வேண்டாம். நாய்க்குத் தீனிக்கென்று ஒதுக்க நினைத்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, உள்ளூரில் நம்பிக்கையான ஒரு குடும்பத்தை முகப்பில் குடிவைத்து, மாதாமாதம் தவறாமல் சம்பளம் அனுப்புங்கள்.