பிள்ளை சம்பாதிக்கிறான்!

"பிள்ளை தலையெடுத்துவிட்டான், இனி உமக்கு என்ன குறை?" என்று வயோதிகரைப் பார்த்துச் சொல்வது நம் வழக்கம். ஆசீர்வாதம்போல் நாம் சொல்லும் இந்த வார்த்தையே தாலுகாக் கச்சேரியில் தீர்ப்பாக மாறிவிடுவதும் உண்டு. முதியோர் பென்ஷனுக்கு மனுச் செய்தவரின் வீட்டில் சம்பாதிக்கும் பிள்ளை ஒருவன் இருந்தால், "இவருக்கு ஆதரவு இருக்கிறது" என்று மனு தள்ளப்படக்கூடும்.

தூத்துக்குடிக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் வருஷத்தில். அன்று இருபது வயது வாலிபராய்க் கடலில் மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்த கிழவர். கம்பெனி உத்தியோகஸ்தரைப்போல் மாதா மாதம் ஓய்வுச் சம்பளம் எதிர்பார்க்கும் தொழிலன்று அவர் தொழில். உப்பளத்தில் கால் வெந்து உழைத்த கிழவியின் கதியும் அதுவே. இப்படிப்பட்டவர்களுக்காகவே 1962 ஏப்ரலில், காமராஜர் முதல்வராயிருந்தபோது, மாதம் 20 ரூபாய் முதியோர் பென்ஷன் ஏற்பட்டது. 1995 ஆகஸ்டு 15 முதல் மத்திய சர்க்காரும் இதில் பங்குகொண்டது. தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் தொகை 1,200 ரூபாயாக உயர்ந்தது.

யாருக்குக் கொடுப்பது? சொந்த வருமானத்தினாலோ, குடும்பத்தார் உதவியினாலோ, வேறு வழியாலோ ஜீவனத்துக்கு நிலையான வகையில்லாதவர்களுக்கு என்றது 1995-ஆம் வருஷத்து விதி. 2007-இல் அதை மாற்றி, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தவராயிருக்க வேண்டும் என்றார்கள். எப்படிச் சொன்னாலும், விசாரிக்க வருகிற கிராம நிர்வாக அலுவலரின் கண் பிள்ளையின் சம்பாத்தியத்தின்மேல் விழத்தான் செய்யும்.

இதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். பெற்றோரைக் காப்பது பிள்ளையின் கடமை. பொதுப் பணமும் அள்ள அள்ளக் குறையாத அக்ஷய பாத்திரமன்று. ஆனால், பிள்ளை சம்பாதிப்பது ஒன்று. அந்தச் சம்பாத்தியம் தாயின் சோற்றுத் தட்டுக்கு வந்து சேருவது வேறொன்று. விதியோ இரண்டையும் ஒன்றாகவே கணக்கிடுகிறது.

சம்பாத்தியந்தான் எப்படிப்பட்டது? வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுபோகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. விசாரணை நடந்த தினத்தில் மகன் கையில் கூலி இருந்தது என்பதற்காக, வருஷம் முழுவதும் இருக்கும் என்று கொள்வது சரியாகுமா? அந்தக் கூலியில் மனைவிக்கும் குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்கும் போக எவ்வளவு மிஞ்சும்?

இதைவிடப் பெரிய தீமை ஒன்று உண்டு. தாயை உடன் வைத்துக் காப்பாற்றும் மகனால் தாயின் பென்ஷன் போகிறது; விட்டுவிட்டுப் போன மகனால் அது கிடைக்கிறது. குடும்பம் பிரிவதற்கு இதைவிட நல்ல தூண்டுகோல் வேண்டுமா? பிரிட்டனில் இந்தப் பரீட்சையைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 1931-இல், வேலையிழந்த தகப்பனுக்குரிய உதவித் தொகையைத் தீர்மானிக்கையில், வீட்டிலுள்ள மகன், மகள் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தகப்பனார் பிள்ளையின் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. பிள்ளைகள் பலர் வீட்டை விட்டு வெளியேறி வாடகை அறைகளுக்குப் போனார்கள். ஜனங்களின் வெறுப்பைத் தாங்கமாட்டாமல், 1941-இல் சட்டம் இயற்றி அந்த முறையைக் கைவிட்டார்கள்.

"பிள்ளை கொடுக்காவிட்டால் சட்டம் இருக்கிறதே!" எனலாம். உண்மை. 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி தீர்ப்பாயத்தில் மனுச் செய்து, மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெறலாம். மனம் கல்லாய்ப் போன பிள்ளைக்கு இது தக்க மருந்து. ஆனால், கொடுக்க மனமிருந்தும் கையில் காசில்லாத மகனை எந்தத் தாய் கச்சேரிக்கு இழுப்பாள்? அவள் பட்டினி கிடப்பாளே தவிர, மகன்மீது பிராது கொடுக்கமாட்டாள்.

ஆகவே நம் அபிப்பிராயம் இது: முதியவரின் சொந்த வருமானத்தையும், மெய்யாகவே அவர் கைக்கு வருவதையும் மட்டும் பார்த்துப் பென்ஷன் வழங்க வேண்டும். பிள்ளை கூரையைப் பகிர்ந்துகொள்வதைக் குற்றமாக்கக் கூடாது.

விதி மாறும்வரை, எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பங்கள் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்த்த கிழவியின் மனு தள்ளப்பட்டதானால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மகனுக்கு வருஷத்தில் எத்தனை மாதம் வேலை, எத்தனை பேருக்குச் சோறு என்பதை உள்ளது உள்ளபடி எழுதி, கலெக்டரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்க உதவுங்கள். ஒரு தாள் காகிதமும் அரைமணி நேரமும் உங்களுக்குப் பெரிதல்ல. மாதம் 1,200 ரூபாய் அவளுக்குப் பெரிது.