செத்த பெட்டரிக்குப் பொறுப்பு யார்?

மலையகத்தில் தேயிலைக் களஞ்சியங்களையும் ஸ்டோர்களையும் நடத்திவரும் மதிப்புக்குரிய முகாமையாளர்களுக்கும் கம்பனிப் பெரியவர்களுக்கும்,



ஹட்டன் பக்கத்துக் களஞ்சியமொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் எழுதும் கடிதம் இது. நான் வேலை செய்யும் இடத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இதை வாசிக்கும் ஓட்டுநர்களில் பலர், தங்கள் களஞ்சியத்தைப் பற்றித்தான் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கக்கூடும்.

எங்கள் வண்டியின் பெட்டரி ஐந்து வருடம் உழைக்கும் என்று சொல்லி வாங்கப்பட்டது. இரண்டாம் வருடம் முடியுமுன்பே செத்துவிட்டது. விசாரணை நடத்தினீர்கள். முடிவில் “ஓட்டுநர்களின் கவனயீனம்” என்று ஒரு கடிதம் அடித்து, அதில் எங்களைக் கையெழுத்து வைக்கச் சொன்னீர்கள். மறுத்தவர்களுக்கு ஓவர்டைம் நின்றுபோனது. நானும் மறுத்தவர்களில் ஒருவன். ஏன் மறுத்தேன் என்று அன்றைக்குச் சொல்ல எனக்கு இடம் தரப்படவில்லை. அதனால் எல்லோருக்கும் கேட்கும்படி இங்கே சொல்கிறேன்.

டீசல் வண்டியை நிறுத்திவிட்டு மின்சார வண்டி வாங்கினீர்களே, அது நல்ல முடிவு. தேத்தூள் பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். டீசல் புகை பட்ட மூடையைக் கொழும்பில் ருசி பார்ப்பவர் ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவார். புகையில்லாத வண்டியால் தூளும் தப்பியது, எங்கள் நெஞ்சும் தப்பியது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பெட்டரியைக் கொண்டுவந்து பூட்டியவர் அன்றைக்கே எங்களையும் உங்களையும் ஒன்றாக நிறுத்திவைத்து விளக்கினார். முழுதாக ஏற்றி, வேலையில் இறக்கி, மறுபடி ஏற்றுவது ஒரு சுற்று. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இப்படி 1,500 சுற்று வரை தாங்கும். இருப்பதில் 80 வீதத்துக்கு மேல் இறக்கக்கூடாது. எட்டு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் சார்ஜ், எட்டு மணித்தியாலம் ஆறவிட வேண்டும். இறங்கிய பெட்டரியை ஒரு ராத்திரிகூடச் சும்மா போட்டுவைக்கக்கூடாது. ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிட்டால் பிறகு அது கரையாது. அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஐந்து வருடம் என்ற வாக்கு இந்த நிபந்தனைகளோடு சேர்ந்துதான் வந்தது. நீங்கள் வருடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டீர்கள்.

முதலில் வாங்கிய விதத்தைச் சொல்கிறேன். ஃபோர்க்லிஃப்டில் பெட்டரி மின்சாரம் தருவதோடு நிற்பதில்லை, வண்டியின் பின்பாரமும் அதுதான். முன்னால் தூக்கும் சுமைக்கு ஈடாகப் பின்னால் அழுத்திப் பிடிப்பது அதன் எடை. எவ்வளவுக்குக் குறையாத எடையுள்ள பெட்டரி பூட்டவேண்டும் என்று வண்டியில் பதித்த தகட்டிலேயே எழுதியிருக்கிறது. மூன்று விலைமனு வந்தபோது ஆகக் குறைந்ததை எடுத்தீர்கள். அந்தப் பெட்டரி தகட்டில் இருந்த எடைக்குக் குறைவு. வாயால் சொன்னோம், எழுதியும் கொடுத்தோம். ஏற்றுமேடைச் சரிவில் மூடை அடுக்கிய பலகையை உயர்த்தியபோது பின்சில்லு இரண்டும் தரையை விட்டு எழும்பின. இந்த வண்டி திரும்புவது பின்சில்லால்; அது எழும்பிவிட்டால் ஸ்டியரிங் கையில் இருந்தும் இல்லாத மாதிரிதான். சுமையை மெல்ல இறக்கித் தப்பினேன். முன்னால் ஒருவர் நின்றிருந்தால் இந்தக் கடிதம் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

அளவும் போதவில்லை. சமதரையில் ஓடும் கொழும்புக் களஞ்சியத்துக்குப் போட்ட கணக்கு இங்கே சரிவராது. நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கும் வண்டி கூடுதலாக இழுக்கும். போதாக்குறைக்கு, நுவரெலியாப் பக்கத்துக் காலைக் குளிரில், 10 பாகையில், அதே பெட்டரி 25 பாகையில் தருவதைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாகத்தான் தரும். எசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரையும் அப்படியே நம்ப முடியாது. குளிரில் எசிட் அடர்த்தியாவதால், அந்த நேரத்தில் 1.260 என்று காட்டுவது உண்மையில் 1.250 தான். விடியற்காலையில் அளந்த எண்களை வைத்து “நன்றாகத்தானே ஏறியிருக்கிறது” என்று விசாரணையில் எங்களுக்கு எதிராகக் காட்டினீர்கள். வெப்பநிலையை யாரும் குறித்திருக்கவில்லை. ஆனால் ஆயுளைப் பொறுத்தவரை இந்தக் குளிர் பெட்டரிக்கு நல்லது. அதைக் கொல்வது சூடுதான். ஒழுங்காகப் பராமரித்திருந்தால் கொழும்பைவிட இங்கேதான் அது கூடக் காலம் உழைத்திருக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இதைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. சார்ஜ் ஏறும்போது தண்ணீர் பிரிந்து வாயுவாகப் போகும்; போனதை வடித்த தண்ணீரால் நிரப்ப வேண்டும், அதையும் சார்ஜ் முடிந்த பிறகு. முன்னால் நிரப்பினால் எசிட் பொங்கி வழியும். வடித்த தண்ணீர் கேட்டு நாங்கள் கொடுத்த துண்டுகள் உங்கள் கோப்பில் இருக்கின்றன. வந்த பதில், “மலை ஊற்றுத் தண்ணீர்தானே, இதைவிடச் சுத்தம் எது?” என்பது. குடிக்க அது அமிர்தம். பெட்டரிக்கு ஆகாது. ஊற்று, பாறையிலிருந்து உப்புகளைக் கொண்டுவருகிறது, பழைய குழாய் இரும்பைச் சேர்க்கிறது. இரண்டும் செல்லுக்குள் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கெடுக்கும். செத்த பெட்டரியின் மூடிகளைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தவன் நான். பல செல்களில் தகட்டின் தலை எசிட்டுக்கு மேலே தெரிந்தது, வெளிறி, விளிம்பு உதிர்ந்து. முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. 48 வோல்ட் என்றால் 24 செல்கள். ஒன்று விழுந்தாலும் மற்றவை சேர்ந்து சுமக்க வேண்டும்.

சார்ஜ் போட விட்ட லட்சணத்தையும் கேளுங்கள். லொறி வந்துவிட்டால் பாதியில் பிளக்கைப் பிடுங்கச் சொன்னீர்கள். மாதக்கணக்கில் ஒரு முழுச் சார்ஜ் இல்லை. செல்களைச் சமப்படுத்தும் நீண்ட சார்ஜுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடைக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற காலத்தில் முந்தைய பெட்டரியும் இப்படித்தான் போனது. அந்த வெட்டுக்கு நீங்கள் பொறுப்பில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மின்சாரம் வந்த சில மணித்தியாலத்தில் வண்டியை ஓட்டுவதா, பெட்டரியை ஏற்றுவதா என்று தீர்மானித்தவர் ஓட்டுநர் இல்லை.

எங்களுக்குப் பெட்டரி தெரியாது என்று விசாரணையில் ஒருவர் சொன்னார். பெட்டரியோடுதான் நாங்கள் வளர்ந்தோம். இந்த மலையின் ஆற்றை மறித்து 1950இலேயே லக்ஷபான மின்நிலையம் மின்சாரம் கொடுத்தது. அதன் காலடியில் இருந்த லயங்கள் அதற்குப் பிறகும் பல வருடம் குப்பிவிளக்கில் இருந்தன. அந்தக் காலத்தில் லயத்து டீவி கார் பெட்டரியில்தான் ஓடியது. டவுனுக்குத் தோளில் சுமந்துபோய் சார்ஜ் போட்டு வருவோம். படம் சுருங்க ஆரம்பித்தால் இதற்கு மேல் இழுக்கக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாதவர்கள் என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து எங்கள் மேல் வைக்காதீர்கள்.

தூள் ஈரம் இழுத்துவிடும் என்று களஞ்சியத்தின் கதவு ஜன்னல்களை அடைத்துவைக்கிறோம், அது சரி. ஆனால் சார்ஜரும் அதே அறையில்தான் இருக்கிறது. சார்ஜின் கடைசி மணித்தியாலங்களில் வெளிவருவது ஹைட்ரஜன். காற்றில் அது 4 வீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். கண்ணாடி இல்லை, கையுறை இல்லை, கண்ணில் எசிட் தெறித்தால் கழுவ அருகில் ஒரு குழாய் இல்லை. தொழிலாளியின் பாதுகாப்புக்காக 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. இருந்தும் எசிட் தெறித்து, என் காற்சட்டைகளில் ஓட்டை விழாதது ஒன்றுமில்லை.

செத்த பெட்டரி எங்கே போனது என்று கேட்டால் “பழைய இரும்புக்காரர் கொண்டுபோனார்” என்கிறீர்கள். ஈயப் பெட்டரிக் கழிவை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவர்தான் எடுக்க வேண்டும் என்று 2008 பெப்ரவரி வர்த்தமானி சொல்கிறது. அந்த மனிதரிடம் பத்திரம் இருந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்து ஓடையில் ஊற்றப்படும் எசிட்டும் ஈயமும் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும் கெஹெல்கமு ஓயாவுக்கும் இறங்கி, களனி கங்கையில் சேரும். கொழும்பு குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

அடுத்த பெட்டரிக்கு விலைமனு கேட்டிருப்பதாக அறிகிறோம். கையெழுத்து வைக்குமுன் வண்டியின் தகட்டில் உள்ள எடையை ஒருமுறை வாசியுங்கள். சரிவையும் குளிரையும் விற்பவரிடம் சொல்லி அளவைக் கேளுங்கள். வடித்த தண்ணீருக்கும், கண்ணாடிக்கும், காற்றோட்டமுள்ள தனி அறைக்கும் அதே மனுவில் இடம் வையுங்கள். ஒவ்வொரு சார்ஜையும் நாங்கள் எழுதிவைக்க ஒரு பதிவேடு தாருங்கள். எங்களில் யாராவது தவறினால் அதைக் காட்டிக் கேளுங்கள், பதில் சொல்கிறோம். அதற்கு முன், “ஓட்டுநர்களின் கவனயீனம்” என்ற அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்