நலம் விசாரிக்க வருவோர் விளையாடவும் வரட்டும்

பக்கவாதத்திலிருந்து மீண்டு வீடு திரும்பிய ஒருவரைப் பார்க்க வருவோரை நாம் அனைவரும் அறிவோம். ஆப்பிளும் ஹார்லிக்ஸ் புட்டியும் கொண்டுவருவார்கள். "இப்போது எப்படி இருக்கிறது?" என்று நோயாளியிடம் கேட்பார்கள், விடையை மனைவியோ மகனோ சொல்வார்கள். பிறகு வெயில், விலைவாசி, பிள்ளைகளின் வேலை என்று பேச்சு நகரும். கால் மணி நேரத்தில் அதுவும் வற்றிவிடும். "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். இரண்டாம் முறை வருவோர் குறைவு. மூன்றாம் முறை வருவோர் அரிது. அன்பு குறைந்துவிட்டதால் அவர்கள் வராமல் போவதில்லை. வந்த இடத்தில் நோயாளியோடு சேர்ந்து செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் வராமல் போகிறார்கள்.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய ஒன்றாக, பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று பலரும் ஒதுக்கிவிடும் தாள வீடியோ விளையாட்டுகளைப் பரிந்துரைக்க விரும்புகிறேன். நரம்பியல் மருத்துவர் ஒருவர் இவ்வாறு எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு நானே இதற்கு மாறான கருத்தைக் கொண்டிருந்தேன். அதனால் ஒரு நோயாளிக்குத் தவறான அறிவுரையும் கூறினேன்.

அவர் பேருந்து நடத்துநர், வயது 56. மூளையின் வலப்பக்க இரத்தக்குழாயில் ஏற்பட்ட அடைப்பால் இடக் கையும் இடக் காலும் வலுவிழந்தன. மூன்று மாதங்களில் நடை ஓரளவு தேறியது, கை பின்தங்கியது. சிங்கப்பூரில் பணிபுரியும் அவருடைய மகன் விடுமுறையில் வந்தபோது தன் பிள்ளைகளுக்காக மேளம் தட்டும் வீடியோ விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த பணிமனை நண்பர்கள் மூவர் அதைத் தட்டிப் பார்த்தார்கள், இவரும் சேர்ந்துகொண்டார். அடுத்த வாரமும் அவர்கள் வந்தார்கள். அவருடைய மனைவி மருத்துவமனையில் என்னிடம், "வீட்டில் ஒரே இரைச்சல், டாக்டர். இந்த வயதில் இதெல்லாம் தேவைதானா?" என்று கேட்டார். அன்று புறநோயாளிகள் வரிசை நீண்டிருந்தது. "விளையாட்டெல்லாம் வேண்டாம், கொடுத்த பயிற்சியை ஒழுங்காகச் செய்யட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆறு வாரங்கள் கழித்து அவர் வந்தார். விளையாட்டை நிறுத்தியிருந்தார், பயிற்சியையும் நிறுத்தியிருந்தார். நண்பர்கள் வருவதும் நின்றுபோயிருந்தது. "ரப்பர் பந்தை நூறு தடவை அமுக்கச் சொல்கிறார்கள், டாக்டர். கூட உட்கார்ந்து எண்ணக்கூட ஆள் இல்லை" என்றார். வாழ்நாள் முழுதும் கூட்டத்தின் நடுவே நின்று பயணச்சீட்டு கிழித்த மனிதரைத் தனியறையில் பந்தோடு உட்காரவைத்தவர்களுள் நானும் ஒருவன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த விளையாட்டுகளைப் பற்றி அதன் பிறகே படித்தறிந்தேன். இவை பெரும்பாலும் ஜப்பானில் உருப்பெற்றவை. 1996-இல் 'பராப்பா தி ராப்பர்' வெளிவந்தது. 1998-இல் கோனாமி நிறுவனம், அம்புக்குறிகளின்மேல் கால் வைத்து ஆடும் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' விளையாட்டை வெளியிட்டது. 2001-இல் நாம்கோ நிறுவனத்தின் மேள விளையாட்டான 'டைகோ நோ டட்சுஜின்' வந்தது. நடத்துநரின் வீட்டிலிருந்தது இதுவே. அமெரிக்காவில் 2005-இல் 'கித்தார் ஹீரோ'வும், 2007-இல் நண்பர்கள் சேர்ந்து ஓர் இசைக்குழுவாகவே ஆடும் 'ராக் பேண்ட்' விளையாட்டும் வெளிவந்தன. அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே. பாட்டு ஒலிக்கும், திரையில் குறிகள் நகர்ந்து வரும், குறி உரிய இடத்தை அடையும் நொடியில் தட்டவோ மிதிக்கவோ வேண்டும். டைகோவில் சிவப்புக் குறி வந்தால் மேளத்தின் நடுவிலும், நீலக் குறி வந்தால் விளிம்பிலும் தட்ட வேண்டும். ஐந்து நிமிடத்தில் எவரும் கற்றுக்கொள்ளலாம்.

தாளத்திற்கும் உடலியக்கத்திற்கும் உள்ள உறவு மருத்துவத்திற்குப் புதிதன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாட் என்பவரின் குழுவினர் 1990-களில் பக்கவாத நோயாளிகளையும் பார்க்கின்சன் நோயாளிகளையும் சீரான தாள ஒலிக்கு ஏற்ப நடக்கவைத்து, நடையின் வேகமும் அடியின் நீளமும் மேம்படுவதைக் காட்டினர். அடுத்த தட்டு எப்போது விழும் என்பதை மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. ஆகவே தசைகள் முன்னதாகவே ஆயத்தமாகின்றன. மெட்டைக் கேட்டதும் நம்மையறியாமல் தொடையில் தாளம் போடுகிறோம் அல்லவா, அதற்கும் இதுவே காரணம்.

ஆயினும் இதை மிகைப்படுத்தக் கூடாது. பக்கவாத நோயாளிகளிடையே வீடியோ விளையாட்டுகளையும் மெய்நிகர் பயிற்சிகளையும் சோதித்த 72 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2017-இல் தொகுத்து ஆராய்ந்தது. கையின் செயல்திறனைப் பொறுத்தவரை, வழக்கமான சிகிச்சையைவிட இவை மேலானவை அல்ல என்றும், வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துப் பயிற்சி நேரத்தைக் கூட்டும்போது பயன்தரக்கூடும் என்றும் அத்தொகுப்பு கூறியது. எனவே இயன்முறை மருத்துவரின் இடத்தை இவ்விளையாட்டு பிடிக்க இயலாது. பயிற்சிக்குப் பின் மீந்திருக்கும் நீண்ட பகற்பொழுதே இதற்குரிய இடம்.

என்னை மிகவும் ஈர்த்தது இவ்விளையாட்டுகளில் உள்ள மற்றொரு சிறப்பு. நம் ஊர்க் கோலாட்டத்தில் ஒருவர் கோல் தவறினால் எதிரே நிற்பவரின் ஆட்டமும் கெடும். ஆகவே கை தளர்ந்தவர் தாமே ஒதுங்கி ஓரமாக அமர்ந்துவிடுவார். ராக் பேண்டிலும் டைகோவிலும் ஒரே பாட்டை ஆடும் இருவர் வெவ்வேறு கடினநிலைகளைத் தேர்ந்துகொள்ளலாம். பேரன் நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கான தட்டுகளைத் தட்டிக்கொண்டிருக்கையில், அதே பாட்டில் தாத்தா நான்கு எண்ணிக்கைக்கு ஒரு தட்டுத் தட்டலாம். இருவரும் ஒரே தாளத்தில் இருப்பார்கள். ராக் பேண்டில் குழுவில் ஒருவர் தவறித் தவறி வெளியேற நேர்ந்தால், மற்றவர் தாம் சேர்த்துவைத்த ஆற்றலைச் செலவிட்டு அவரை மீண்டும் ஆட்டத்திற்குள் கொண்டுவரலாம். எனவே நோயாளிக்கு இரங்கி எவரும் வேண்டுமென்றே தோற்க வேண்டியதில்லை. அப்படித் தோற்றால் அவர் உடனே கண்டுகொள்வார். அது அவரை மேலும் நோயாளியாக்கும்.

வீட்டில் பேரப்பிள்ளைகளிடம் இத்தகைய விளையாட்டு ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்காகக் கடன்பட்டு வாங்க வேண்டியதில்லை. பழைய பாட்டை ஒலிக்கவிட்டு, எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் தட்டுவதை மற்றவர் திருப்பித் தட்டுவதிலும் பாதிப் பயன் உண்டு. "உண்மையான மேளத்தையே கற்றுக்கொள்ளலாமே" என்பாரும் உளர். கற்கலாம், மிக நன்று. ஆனால் அதற்கு ஆண்டுகள் வேண்டும். ஞாயிறு மாலை வந்திருக்கும் நண்பருக்கு இருப்பது ஒரு மணி நேரமே.

சில எச்சரிக்கைகள் கட்டாயம் தேவை. கால் தடுமாறுவோர், கைப்பிடியுள்ள, சக்கரமில்லாத நாற்காலியில் அமர்ந்தே ஆட வேண்டும். பளிங்குத் தரையில் ஆடும் விரிப்பு வழுக்கும். வலுவிழந்த கையைத் தோளுக்குமேல் வீசி ஆடும் விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். பக்கவாதத்திற்குப் பின் தோள் மூட்டு எளிதில் பிசகும். குச்சியைப் பிடிக்க இயலாதவர்களுக்கு அதன்மேல் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுக்கலாம். முதலில் பத்து நிமிடம் போதும். பக்கவாதத்திற்குப் பின் வரும் களைப்பு மெய்யானது, அது சோம்பலன்று. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, தலைச்சுற்றல், தோள்வலி வந்தால் உடனே நிறுத்த வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே ஆட வேண்டும். வலிப்பு நோயாளிகளுள் ஒரு சிறு பகுதியினருக்கு மின்னி மறையும் ஒளி வலிப்பைத் தூண்டும், அவர்களும் அவ்வாறே. பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேச முடிகிற அளவிற்கு ஒலியை வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் முந்தைய அறிவுரையைத் திரும்பப் பெற்று, மீண்டும் ஆடுமாறு நடத்துநரிடம் கூறினேன். இரண்டு வாரத்தில் சோர்ந்து வந்தார். "எவ்வளவு முயன்றாலும் என் கை பிந்தியே விழுகிறது" என்றார். அவருடைய நண்பர்களுள் ஒருவர்தான் புதிரை விடுவித்தார்: நல்ல கைகளையுடைய தமக்கும் தட்டு பிந்தியதாகவே திரை காட்டுகிறது என்றார் அவர். புதிய தொலைக்காட்சிகள் படத்தைச் செம்மைப்படுத்திக் காட்டச் சில நூறில் ஒரு பங்கு நொடிகளை எடுத்துக்கொள்கின்றன. புளூடூத் ஒலிபெருக்கி மேலும் தாமதிக்கும். சரியாகத் தட்டினாலும் பொறி அதைப் பிழையாகக் கணக்கிடும். மகன் வீடியோ அழைப்பில் வழிகாட்ட, தொலைக்காட்சியைக் 'கேம் மோடு'க்கு மாற்றி, விளையாட்டின் அமைப்புப் பகுதியில் தாமதத்தையும் சரிசெய்தார்கள். வீட்டில் ஆடத் தொடங்கும் எவரும் முதலில் இதைச் செய்துகொள்ளுங்கள். பழி கையின்மேல் விழுவதற்கு முன்பு கருவியைச் சோதித்துவிட வேண்டும்.

அவருடைய இடக் கை முழுமையாகத் திரும்பவில்லை. சட்டைப் பொத்தானை இன்றும் வலக் கையாலேயே போடுகிறார். ஆனால் பயிற்சிகளைத் தவறாமல் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களிடம் தோற்கக் கூடாது என்பது அவர் சொல்லும் காரணம். அவருடைய மனைவியிடம் இரைச்சலைப் பற்றிக் கேட்டேன். "இரைச்சல் இருக்கத்தான் செய்கிறது, டாக்டர். நான்கு பேருக்குக் காபி போட வேண்டியிருக்கிறது" என்றார். அவர் முகத்தில் சலிப்பு இல்லை.

உங்கள் உறவினரோ நண்பரோ நோயுற்று வீடு திரும்பியிருந்தால், அடுத்த முறை பழத்தோடு இன்னும் ஒரு மணி நேரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு முடித்ததும், "ஓர் ஆட்டம் போடலாமா?" என்றும் கேளுங்கள்.