அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள், அம்மாவின் போனையும் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போனில் 'குரோம் அப்டேட்' என்று வந்தால் போட வேண்டுமா, விட்டுவிடலாமா என்று நம் பக்கத்தில் பலர் கேட்கிறார்கள். "போட்டா எல்லாம் இடம் மாறிப் போகுது டீச்சர், பழசே நல்லாத்தான் இருந்துச்சு" என்பதுதான் பொதுவான குறை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட வேண்டும். அன்றைக்கே போட வேண்டும். ஆனால் அந்த அப்டேட் யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களுக்குத்தான் அது போய்ச் சேருவதில்லை. அதை நிறுவனங்களும் கவனிக்க வேண்டும், பிள்ளைகளாகிய நீங்களும் கவனிக்க வேண்டும்.

பிரவுசர் என்ற பெயரே நம் ஊரில் பலருக்குத் தெரியாது. "கூகுள்ல பாரு" என்பார்கள். அந்த ஒன்றின் வழியாகத்தான் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கிறோம், பட்டா பார்க்கிறோம், சாதிச் சான்றிதழுக்கு எழுதிப் போடுகிறோம், பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கிறோம், கரண்ட் பில் கட்டுகிறோம். முன்பு இதற்கெல்லாம் பொன்னேரிக்கு பஸ் ஏற வேண்டும். இன்று வீட்டுத் திண்ணையில் முடிகிறது. அப்படியானால் வீட்டின் எல்லாச் சாவியும் அந்த ஒரு கொத்தில்தான் தொங்குகிறது.

அப்டேட்டில் இரண்டு சமாச்சாரம் உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரிவது: பட்டன் இடம் மாறும், நிறம் மாறும். அது எனக்கும் எரிச்சல்தான். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: ஓட்டைகளை அடைப்பது. முக்கியமானது அதுதான்.

லைட்ஹவுஸ் குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கரைக்கு வந்ததும் வலையை விரித்துப் போட்டு, நண்டு கடித்த இடம் எது, அறுந்த கண்ணி எது என்று பார்த்துத் தைக்கிறார்கள். "வாங்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்லி யாரும் கிழிந்த வலையோடு ஏரிக்குப் போவதில்லை. பிரவுசரும் அப்படித்தான். லட்சக்கணக்கான வரிகளில் எழுதப்பட்ட மென்பொருள் அது. அதில் ஓட்டை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நல்லவர்கள் கண்டுபிடித்தால் நிறுவனத்திடம் சொல்லிப் பரிசு வாங்குகிறார்கள். கெட்டவர்கள் கண்டுபிடித்தால் சொல்லாமல் உள்ளே நுழைகிறார்கள்.

இதில் பலர் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியான நாளிலிருந்து, அதைப் போடாதவருக்கு ஆபத்து கூடுகிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எங்கே தையல் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். தையல் இருக்கும் இடம்தான் பழைய வலையில் கிழிசல் இருக்கும் இடம். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2021 முதல் குரோமின் பெரிய பதிப்பு நான்கு வாரத்துக்கு ஒருமுறை வந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து பாதுகாப்புத் திருத்தங்கள் வாரம் ஒருமுறை வருகின்றன. மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பும் குரோம், பயர்பாக்ஸ் பற்றி அடிக்கடி எச்சரிக்கை வெளியிடுகிறது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒரு மாதம் தள்ளினால், நான்கு தையல் போடாத வலையை வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து, பூட்டுப் படம். "முகவரிக்கு முன்னால் பூட்டு இருந்தால் நம்பலாம்" என்று வீட்டுப் பெரியவர்களுக்கு உங்களில் பலர் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். குரோம் 2023 செப்டம்பரில் கம்ப்யூட்டரில் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது. ஏன் தெரியுமா? பூட்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் செய்தியை வேறு யாரும் பிரித்துப் படிக்க முடியாது. எதிர்முனையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று அது சொல்வதில்லை. ஒட்டிய கவரில் திருடனுக்கும் கடிதம் போகும் அல்லவா? இன்று போலித் தளங்களிலும் பூட்டு இருக்கிறது. 2021ல் கூகுள் நடத்திய ஆய்வில், பூட்டின் சரியான பொருளைப் புரிந்துகொண்டவர்கள் 11 சதவீதம் பேர்தான். ஆகவே அதை எடுத்தது சரியான முடிவு என்பதே என் எண்ணம். ஆனால் எடுத்ததை நம் ஊர் மக்களுக்கு யார் வந்து சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. இன்னும் பூட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பூட்டுக்குப் பதிலாக எதைப் பார்ப்பது? பெயரின் கடைசியை. தபால்காரர் கவரில் மேலே எழுதிய பட்டம், பதவியை எல்லாம் பார்த்துப் பிரிப்பதில்லை. கடைசி வரியில் உள்ள ஊரையும் பின்கோடையும் பார்க்கிறார். அதுபோல இணைய முகவரியில் முதல் சாய்வுக்கோடு வரை படித்து, அதற்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவை வங்கிகள் தவிர வேறு யாரும் வாங்க முடியாது. அரசுத் தளம் என்றால் 'டாட் ஜிஓவி டாட் இன்'. வங்கியின் பெயர் முன்னால் எவ்வளவு அழகாக இருந்தாலும், கடைசி சரியில்லை என்றால் மூடிவிடுங்கள். அரசுக்கும் இதில் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் மின்வாரியத்தின் பக்கம் ஆண்டுக்கணக்காக 'டாட் ஆர்க்' என்று முடியும் முகவரியில் இருந்து வருகிறது. "இன்று இரவு கரண்ட் கட்" என்று மிரட்டும் போலிச் செய்திகள் சுற்றும் காலத்தில், எல்லா அரசு நிறுவனமும் ஒரே முடிவுக்கு மாறினால் மக்களுக்குச் சொல்லிக் கொடுப்பது எத்தனை சுலபம்!

புதிதாக வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, அறிவிப்புகளைக் கட்டுப்படுத்தும் வசதி. ஏதோ ஒரு தளத்தைத் திறந்தால் "அனுமதிக்கவா?" என்று கேட்கும். நம் பெண்கள் அவசரத்தில் 'ஆமாம்' அழுத்திவிடுவார்கள். பிறகு நாள் முழுக்க "உங்கள் போனில் வைரஸ்", "பரிசு விழுந்தது" என்று வந்துகொண்டே இருக்கும். மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு அம்மா இப்படித்தான் பயந்துபோய் என்னிடம் போனை நீட்டினார். வைரஸ் எதுவும் இல்லை. ஒரு ஜோசியத் தளத்துக்குக் கொடுத்த அனுமதி, அவ்வளவுதான். 2025ல் ஆண்ட்ராய்டு குரோமில், சந்தேகத்துக்குரிய அறிவிப்பு வந்தால் அதைக் காட்டாமல் முதலில் எச்சரிக்கும் வசதி வந்திருக்கிறது. வெகுநாள் எட்டிப் பார்க்காத தளங்களின் அனுமதியைத் தானே நீக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. 2026 அக்டோபரில் வரும் பதிப்பிலிருந்து, பாதுகாப்பு இல்லாத பொதுத் தளத்தைத் திறக்கும் முன் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். எல்லாம் நல்ல காரியம்.

இனி என் மனக்குறை.

2025 ஆகஸ்டில் வந்த குரோம் 139 முதல், ஆண்ட்ராய்டு 10க்குக் கீழே உள்ள போன்களுக்குப் புதிய பதிப்பு கிடையாது. ஆண்ட்ராய்டு 8 வெளியானது 2017ல், 9 வெளியானது 2018ல். "அவ்வளவு பழைய போனை யார் வைத்திருக்கிறார்கள்?" என்று சென்னையில் இருந்துகொண்டு கேட்கலாம். இங்கே வந்து பாருங்கள். மகன் புதுப் போன் வாங்குவான், அவனுடையது தங்கைக்கு வரும், தங்கையுடையது அம்மாவுக்கு வரும். குழுக் கணக்கைப் பார்ப்பதும், தடைக்கால நிவாரணம் ஏறியதா என்று பார்ப்பதும் அந்த அம்மாதான். வீட்டில் ஏமாற்றுக்காரனிடம் மாட்டிக்கொள்ள அதிக வாய்ப்புள்ளவர் கையில், காவல் குறைந்த கருவி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடல் வேலை இல்லாதபோது வருகிற 8,000 ரூபாய், "கணக்கைச் சரிபாருங்கள்" என்ற ஒரு போலி லிங்கில் போனால் அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்கே தெரியும்.

நிறுவனத் தரப்பு நியாயமும் எனக்குப் புரிகிறது. பழைய ஆண்ட்ராய்டிலேயே ஓட்டை இருக்கும்போது, மேலே ஓடும் பிரவுசரை மட்டும் தைத்து என்ன பயன், எத்தனை காலம்தான் பழையதைச் சுமப்பது என்பார்கள். பாதி உண்மை. புது வசதிகளை நிறுத்தட்டும், நான் கேட்கவில்லை. ஓட்டை அடைப்பதை மட்டுமாவது இன்னும் சில ஆண்டு தொடரலாமே? முடியாத காரியம் இல்லை. விண்டோஸ் 7க்கு குரோம் 2023 தொடக்கத்தில் கதவை மூடியது. பயர்பாக்ஸ் அதே பழைய கம்ப்யூட்டர்களுக்காக ஒரு தனிப் பதிப்பை வைத்து, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பலமுறை காலம் நீட்டித்துக் கொடுத்தது. கூகுளைவிடச் சிறிய அமைப்பு செய்ததைப் பெரிய நிறுவனம் செய்ய முடியாதா?

இரண்டாவது குறை மொழி. குரோமைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் அந்த எச்சரிக்கையைப் படித்தால் தமிழாசிரியருக்கே ஒரு நிமிடம் ஆகும். ஆபத்து நேரத்தில் சொல்ல வேண்டியது, "இது திருட்டுப் பக்கம், வெளியே வா" என்று நேராக இருக்க வேண்டாமா? நம் சென்னையைச் சேர்ந்த ஜோஹோ 2023ல் 'உலா' என்ற பிரவுசரை வெளியிட்டது. மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025ல் அதற்குத்தான் முதல் பரிசு. பெருமையாக இருக்கிறது. அதுவும் குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மேல் கட்டப்பட்டதுதான். ஆகவே அதற்கும் அப்டேட் அவசியம், அதை மறக்க வேண்டாம். தமிழ்ப் பெயர் வைத்தவர்களிடம் நான் எதிர்பார்ப்பது, நம் குப்பத்துப் பெண்மணிக்குப் புரிகிற தமிழில் எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்பதே. உங்களில் எத்தனையோ பேர் ஐடி கம்பெனிகளில் இருக்கிறீர்கள். இதை உங்கள் இடத்தில் பேசுங்கள்.

அவர்கள் செய்யும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. பிளே ஸ்டோர் அமைப்பில் தானியங்கி அப்டேட் 'வைஃபையில் மட்டும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையே இல்லாத வீட்டில் அது ஒருநாளும் நடக்காது. எந்த நெட்வொர்க்கிலும் நடக்கும்படி மாற்றுங்கள்.

2. போனில் இடம் இல்லாவிட்டாலும் அப்டேட் ஏறாது. வாட்ஸ்அப்பில் குவிந்த 'காலை வணக்கம்' பூக்களை அழியுங்கள்.

3. குரோம் அமைப்பில் அறிவிப்பு அனுமதிகளைத் திறந்து, தேவையில்லாததை நீக்குங்கள். 'மேம்பட்ட பாதுகாப்பு' என்பதை ஆன் செய்யுங்கள்.

4. அப்டேட் பிளே ஸ்டோரில் மட்டும்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "உங்கள் குரோம் பழையது, இங்கே அழுத்துங்கள்" என்று ஒரு இணையப் பக்கம் சொன்னால் அதுவே மோசடி. வாட்ஸ்அப்பில் வரும் 'ஏபிகே' கோப்பையும் தொடக் கூடாது, கல்யாணப் பத்திரிகை என்றாலும் சரி.

5. போன் ஆண்ட்ராய்டு 10க்குக் கீழே இருந்தால், அதில் வங்கி வேலை வேண்டாம். உங்கள் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போடும் முன், அம்மா கையில் இருப்பதைவிட அது புதியதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். எந்த அப்டேட்டும், நாமே வாய்விட்டுச் சொல்லும் ஓடிபியைக் காப்பாற்றாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு மீட்க வாய்ப்பு.

வேறு கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் கை தூக்கியவர்களை நான் திட்டியதில்லை, இங்கும் திட்ட மாட்டேன். பார்த்துவிட்டோம் என்று லைக் மட்டும் போட வேண்டாம். வீட்டுப் போனைப் பார்த்து முடித்துவிட்டு "முடிச்சாச்சு டீச்சர்" என்று ஒரு வரி போட்டால் எனக்கு அதுவே போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருப்பாலைவனம்