வெட்டுவதற்கு முன் நடக்க வேண்டியவை: எலும்புப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கான கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு, சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் சிகிச்சை முடித்தவர்களும் முன்வைப்பது:

எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வந்தது ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். மளமளவென்று உயரம் கூடும் 10 முதல் 20 வயதில், எலும்பு வேகமாக நீளும் இடத்தில் வருவது. முழங்காலுக்குச் சற்று மேலே அல்லது கீழே, சிலருக்குத் தோள்பட்டையருகே. ஒட்டுவாரொட்டி அல்ல, பெற்றவர் செய்த எதனாலும் வந்ததல்ல. 1970களுக்கு முன்பு காலையே எடுத்தாலும் ஐந்தில் நான்கு பேர் பிழைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் நோய் நுரையீரலுக்குப் போயிருக்கும். கீமோ வந்தபின், பரவுமுன் பிடிபட்டால் மூன்றில் இருவர் அளவுக்குப் பிழைக்கிறார்கள். பரவியபின் வந்தால் நூற்றுக்கு 30 பேர் பிழைத்தாலே அதிகம்.

ஆகவே முதல் கோரிக்கை எக்ஸ்ரே. விளையாட்டில் விழுந்த அடி, சுளுக்கு, ரத்தக்கட்டு, வளர்ற வயசு வலி என்று யாராவது சொல்லக் கேட்காமல் புற்றுநோய் வார்டுக்கு வந்த குடும்பம் எங்களில் குறைவு. எண்ணெய் போட்டு நீவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, வீக்கம் தேங்காய் பருமனுக்கு வந்தபின்தான் படம் எடுத்தோம். வளர்ச்சி வலி இரண்டு காலிலும் வரும், விடிந்தால் இருக்காது. புற்றுநோய் வலி ஒரே இடத்தில் நின்று நாளுக்கு நாள் கூடும், தூக்கத்திலிருந்து எழுப்பும். வளரும் பிள்ளைக்கு ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் வலியோ வீக்கமோ இருந்தால் மாத்திரை கொடுத்து அனுப்பாமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு எழுத்தில் உத்தரவு வேண்டும். கட்டு வைத்தியரைத் திட்டிப் பயனில்லை; பல ஊர்களில் முதலில் கைக்குக் கிடைப்பவர் அவர்தான். படம் பார்க்காமல் கட்டாதீர்கள், வீங்கிய இடத்தை நீவாதீர்கள் என்று அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி. சின்ன விஷயமாகத் தெரியும், இல்லை. ஊசி போன தடத்திலும் புற்றுநோய் செல் இருக்கக்கூடும் என்பதால், பெரிய ஆபரேஷனில் அந்தத் தடத்தையும் சேர்த்தே வெட்டியெடுக்கிறார்கள். குறுக்காகக் கீறிவிட்டாலோ, சாதாரணக் கட்டி என்று சுரண்டிக் கம்பி போட்டுவிட்டாலோ, காப்பாற்றியிருக்கக்கூடிய கால் போய்விடும். ஆபரேஷன் செய்யப்போகும் மருத்துவமனையிலேயே பயாப்சியும் நடக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனை எக்ஸ்ரே எடுத்துத் தேதி வாங்கிக்கொடுத்து அனுப்பினால் போதும். கத்தி வைக்க வேண்டாம்.

மூன்றாவது, சிகிச்சைக் காலம். கீமோ இரண்டு மூன்று மாதம், பிறகு ஆபரேஷன், மறுபடி கீமோ. முடிய முக்கால் வருடம் ஆகும். நடுவில் வெள்ளையணு இறங்கிக் காய்ச்சல் வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக உயிர் போகலாம். அப்போது சென்னைக்குக் கொண்டு போகச் சொல்லாமல், பக்கத்து அரசு மருத்துவமனையே ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். மருந்து இல்லை, அடுத்த வாரம் வா என்ற பேச்சும் நிற்க வேண்டும்.

நான்காவது, ஆபரேஷன். இன்று பலருக்குக் காலை எடுக்காமலே நோயுள்ள எலும்பை மட்டும் அகற்றி, உலோக எலும்பும் மூட்டும் வைக்கிறார்கள். இந்தியாவில் அதற்கு வழிகாட்டியவர்களில் சென்னை மருத்துவர் மயில்வாகனன் நடராஜனும் ஒருவர். எலும்பை வெளியே எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்துத் திரும்பப் பொருத்தும் முறையும் உண்டு. ஆனால் பிள்ளை வளர்கிறது, வைத்த எலும்பு வளர்வதில்லை. நீளம் கூட்டும் ஆபரேஷனுக்கும், தேய்ந்த மூட்டை மாற்றுவதற்கும் ஆகும் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தனியாக ஏற்க வேண்டும். கீமோவுக்கு வேண்டிய வரம்பிலிருந்து பிடிக்கக் கூடாது. காலை எடுத்தே ஆக வேண்டிய பிள்ளைகளும் உண்டு. அதைக் கேட்டதும் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போய்விட்ட குடும்பங்களை நாங்கள் அறிவோம். கையெழுத்து கேட்குமுன், செயற்கைக் காலுடன் வேலைக்குப் போகும் ஒருவரை அந்தத் தாய் தகப்பனிடம் பேசவிடுங்கள்.

கடைசியாக, சிகிச்சை முடிந்தவர்களுக்கு நுரையீரல் ஸ்கேன், டாக்சோரூபிசினால் இதயத்துக்கும் சிஸ்பிளாட்டினால் காதுக்கும் பாதிப்பு உண்டா என்ற பரிசோதனை இவை வருடக்கணக்கில் இலவசமாகத் தொடர வேண்டும். பள்ளி வருகைக் குறைவைக் காட்டிப் பொதுத்தேர்வை மறுக்கக் கூடாது. உலோக மூட்டோடு நடப்பவரைப் பார்த்து, கால்தான் இருக்கிறதே என்று மாற்றுத்திறனாளி சான்றை மறுக்காமல், முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளந்து பார்த்து, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி சான்று தர வேண்டும்.