கோணல் நிரலுக்கும் ஒரு பரிசு

மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகச் சங்கமான ஐஇஇஇ-யின் செயல்பாட்டு மையம் நியூஜெர்சியின் பிஸ்கட்டவேயில் இருக்கிறது. அங்கிருந்து காரில் ஏறினால் அரை மணி நேரத்தில் மர்ரே ஹில். டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கிய பெல் ஆய்வகம் அங்கேதான். பிஸ்கட்டவே, எடிசன் பக்கம் குடியேறிய தமிழர்களில் பலருக்குச் சோறு போடுவது அந்த மொழியும் அதன் வாரிசுகளும். ஐஇஇஇ 2006 முதல் மாணவர்களுக்கு 24 மணி நேர நிரல் போட்டி நடத்துகிறது. அதில் விடை சரியா என்பதற்கே மதிப்பெண். அது வேண்டியதுதான். ஆனால் தொழில் மாநாடுகளில் ஒரு மணி நேரத்தையாவது வெறும் வேடிக்கைக்கான நிரல் போட்டிக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. கலிஃபோர்னியாவின் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த லேண்டன் கர்ட் நோலும் லாரி பாஸலும் யூனிக்ஸின் போர்ன் ஷெல் மூல நிரலைப் படித்துத் திகைத்தார்கள். சி மொழிக்கு மேக்ரோக்களால் ஆல்கால் மொழியின் வேஷம் கட்டியிருந்தார் அதை எழுதியவர். தற்செயலாகவே இவ்வளவு புரியாமல் எழுத முடியுமென்றால், வேண்டுமென்றே எழுதினால் எப்படியிருக்கும்? அந்தக் கேள்வியிலிருந்து 1984-இல் பிறந்தது சர்வதேசக் குழப்ப சி நிரல் போட்டி. யூனிக்ஸ் பயனர் சங்கமான யூசெனிக்ஸின் மாநாடுகளில் அதன் வெற்றியாளர்களை அறிவிப்பது வழக்கமாக இருந்தது. 1988-இல் பிரையன் வெஸ்ட்லி அனுப்பிய நிரலைப் பாருங்கள்: கோடுகளும் அடிக்கோடுகளும் அடுக்கிய ஒரு வட்டம். ஓடவிட்டால், தன் பரப்பைத் தானே அளந்து பை (π) மதிப்பைச் சொல்லும். இன்னும் துல்லியம் வேண்டுமா? வட்டத்தைப் பெரிதாக வரைந்தால் போதும். தேரின் வடிவத்துக்குள் செய்யுளை அடைக்கும் ரதபந்தம் தெரிந்த நமக்கு இது அந்நியமே அல்ல. தண்டியலங்காரம் சித்திரகவிக்கு இலக்கணம் சொன்னதும் இந்த வகை விளையாட்டுக்குத்தான்.

கோணல் நிரலுக்குப் பரிசு கொடுத்தால் கெட்ட பழக்கம் வளராதா என்று கேட்கலாம். ரதபந்தம் பாடிய புலவர் யாரும் கடிதத்தைத் தேர் வடிவில் எழுதவில்லை. எது குழப்பம் என்று தெரிந்தவருக்குத்தான் அதை வேண்டுமென்றே செய்யவும் தெரியும், தவிர்க்கவும் தெரியும். நல்ல நிரல் நடையின் அருமையைத் தலைகீழாகக் காட்டுவதும் தங்கள் நோக்கம் என்று அந்தப் போட்டியை நடத்துபவர்களே சொல்கிறார்கள். பயன் என்ன என்பது அடுத்த கேள்வி. 2001-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்டு தன்னைத்தானே தொகுக்கக்கூடிய குட்டி சி கம்பைலர் ஒன்றை இதே போட்டிக்கு அனுப்பி வென்றார்; அதுவே பிறகு டைனி சி கம்பைலராக வளர்ந்தது. காணொளிகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கியவரும் அவர்தான். எல்லா விளையாட்டும் இப்படிப் பலன் தரும் என்று சொல்ல மாட்டேன். எந்தப் பலனையும் குறி வைக்காமல் எழுதிய நிரலிலிருந்தும் கருவி பிறக்கும் என்பதற்கு இது சாட்சி.

விசாவும் வேலைநீக்க பயமும் தலைக்கு மேல் தொங்குகையில் விளையாட்டு ஒரு கேடா என்ற கேள்விதான் கனமானது. ஆனால் அலுவலகத்தில் ஒரு தவறுக்கும் இடமில்லாதவருக்குத்தான், தவறினாலும் ஒன்றும் குடிமுழுகிப்போகாத ஓர் இடம் அதிகம் தேவை. குழப்ப நிரலை இன்று ஏஐ நொடியில் எழுதித் தருமே என்றால், தரட்டும். வட்டமே தன்னை அளக்கட்டும் என்று தோன்றியதற்குத்தான் பரிசு. 1994-இல் அதே போட்டிக்கு ஒருவர், தன்னையே அச்சிடும் மிகச் சிறிய நிரல் என்று ஒரு வெற்றுக் கோப்பை அனுப்பினார். பூஜ்யம் பைட், அச்சிட்டதும் ஒன்றுமில்லை. கணக்கு சரி! விதிகளை வளைத்ததற்கென்றே அவருக்கு ஒரு பரிசைக் கொடுத்த நடுவர்கள், ஒரு பைட்டாவது இருக்க வேண்டும் என்று விதியைத் திருத்திக்கொண்டார்கள். தங்கள் விதியில் இருந்த ஓட்டையை அவர்கள் கண்டுகொண்டது ஒரு சிரிப்பின் செலவில். அடுத்த மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் கண்ணயரும் அந்த ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுத்துப் பார்க்கலாம்.