சுத்துது... ஆனா ஸ்டார்ட் ஆகலை!

செமஸ்டர் முடிஞ்ச கையோட ஊர் சுத்தக் கிளம்புற கோஷ்டியா நீங்க? கொடைக்கானல்ல கூட்டம்னு சொல்லி, சித்தரேவு வழியா பெரும்பாறைக்கு வண்டியை விடுற ரசனைக்காரரா? சபாஷ்! காபித் தோட்டம், மரத்தைச் சுத்தின மிளகுக்கொடி, புல்லாவெளி அருவினு போட்டோவுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் முடிச்சுட்டு வந்து சாவியைத் திருகுறீங்க. 'கிர்ர்... கிர்ர்... கிர்ர்...' இன்ஜின் சுத்துது. ஆனா, உயிர் வரலை.

உடனே நம்ம கோஷ்டியில மூணு நிபுணர்கள் முளைப்பாங்க. ஒருத்தர், 'பேட்டரி அவுட்'. இன்னொருத்தர், 'இறங்கித் தள்ளுங்கடா'. மூணாவது ஆள்தான் ஆபத்தானவர். 'இறக்கம்தானே மாப்ளே, நியூட்ரல்ல உருட்டிட்டே கீழே போயிடலாம்!'

அந்த மூணாவது ஆளை முதல்ல சாவியை விட்டுத் தள்ளி நிறுத்துங்க. பெட்ரோல் கார்ல பிரேக்கை லேசாக்குறது இன்ஜின் இழுக்குற வேக்குவம். டீசல்ல அதுக்குனு தனி பம்ப், அதையும் சுத்துறது இன்ஜின்தான். இன்ஜின் ஓடலைனா, ரெண்டு மூணு மிதியிலேயே சேமிப்பு காலி. அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பவர் ஸ்டீயரிங்கும் கை விட்டுடும். போதாததுக்கு யாராவது சாவியை உருவிட்டா ஸ்டீயரிங் லாக்! கொண்டை ஊசி வளைவுல இதெல்லாம் சேர்ந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? ஹேண்ட் பிரேக் போடுங்க, சக்கரத்துக்குக் கீழே பெரிய கல்லா பார்த்து அண்டை கொடுங்க. கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வாங்க. அதுக்கு அப்புறம்தான் பானெட்.

இப்போ பேட்டரி நிபுணர். இன்ஜின் வழக்கமான வேகத்துல சுத்துதுன்னா பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் வேலையைச் செஞ்சுட்டாங்கனு அர்த்தம். இழுத்து இழுத்து முனகினா மட்டும் பேட்டரியைச் சந்தேகப்படலாம். தள்ளுறதும் இதே கதைதான். ஸ்டார்ட்டர் ஏற்கெனவே பண்ற வேலையை நாலு பேர் மூச்சு வாங்கப் பண்ணணுமா? (1912ல காடிலாக் கார்ல சார்லஸ் கெட்டரிங்கோட செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததே, மனுஷன் கையால ஹேண்டில் போட்டுக் கஷ்டப்படக் கூடாதுனுதான்!)

ஆக, மிச்சம் பெட்ரோல், பொறி, காத்தோட அழுத்தம். இந்த மூணும் சரியான நேரத்துல சேரணும். எது வரலைனு கண்டுபிடிக்கக் காது போதும்.

எல்லாரும் வாயை மூடுங்க (கஷ்டம்தான்!). ஒருத்தர் பின் சீட்டுல காதை வைக்கட்டும். சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்புங்க. இன்ஜெக்ஷன் இருக்குற பெட்ரோல் கார்ல பல மாடல்கள்ல ரெண்டு விநாடி 'ங்ங்ங்'னு ஒரு சத்தம் வரும். அது டாங்க்குக்குள்ளே இருக்குற பெட்ரோல் பம்ப். சத்தமே இல்லையா? ஃப்யூஸ் பெட்டி மூடியைத் திறங்க, உள்பக்கம் படம் போட்டிருக்கும். பம்ப் ஃப்யூஸ் எரிஞ்சிருக்கானு பாருங்க. ரிலே சந்தேகம்னா, அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலேவைப் பிடுங்கி அந்த இடத்துல செருகிப் பாருங்க. ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா ஹாரன் இல்லாம மலைப்பாதையில இறங்காதீங்க, கீழே இருந்து மெக்கானிக் புது ரிலே கொண்டு வரட்டும்.

பம்ப் பாடுது, ஆனாலும் பலன் இல்லைன்னா டேஷ்போர்டைப் பாருங்க. சாவி படம் மினுக்கினா இம்மொபிலைசர் உங்களைத் திருடன்னு நினைக்குது. வேற சாவி இருந்தா போட்டுப் பாருங்க. சுத்தும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சம்கூட அசையலையா? கிராங்க் சென்சார் மேல சந்தேகம் வைக்கலாம். எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது, ஒரு துப்பு, அவ்வளவுதான். பெட்ரோல் முள்ளையும் நம்பாதீங்க. வண்டி சரிவுல நிக்கும்போது டாங்க்ல இருக்குற கொஞ்ச நஞ்சமும் ஒரு மூலைக்கு ஓடிடும்.

பெட்ரோல் வாடை குப்புனு வருதா? திரும்பத் திரும்பத் திருகி பிளக்கை நனைச்சுட்டீங்க. பத்து நிமிஷம் விட்டுட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுசா அழுத்திக்கிட்டே சுத்துங்க. பல இன்ஜெக்ஷன் கார்கள்ல அப்படி அழுத்தினா கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காத்தை மட்டும் விடும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல வேண்டாம், ஸ்டார்ட்டர் சூடாகிடும்.

வழக்கத்தை விட வேகமா, தாளமே இல்லாம 'விர்ர்'னு சுத்தினா உடனே நிறுத்திடுங்க. டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இன்னும் சுத்தினா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், செலவு எங்கேயோ போயிடும்.

மலையில தனியா ஒரு வில்லன் உண்டு: எலி. ராத்திரி சூடான இன்ஜின்ல குளிர் காஞ்சுட்டு, வயரைக் கடிச்சுட்டுப் போயிடும். பானெட்டைத் திறந்ததும் புழுக்கையையும் காபிச் சருகையும் தேடுங்க. பனிமூட்டம், மழைன்னா பழைய கார்கள்ல பிளக் வயர்ல ஈரம் ஏறி பொறி திசை மாறிடும். இன்ஜினை அணைச்சு, காய்ஞ்ச துணியால துடைச்சாலே சில சமயம் போதும்.

'மலைக்காத்து மெலிசு, அதான்'னு ஒரு பெருசு சொல்வார். ஆயிரம் மீட்டர் ஏறினா காத்தோட அடர்த்தி பத்து சதவிகிதம்போல குறையும், வாஸ்தவம்தான். கார்புரேட்டர் காலத்து அம்பாசடர் அதுக்கு மூச்சு வாங்கினது. சூட்டுல பெட்ரோல் ஆவியாகி அடைச்சுக்கும், டிரைவர்கள் பம்ப் மேல ஈரத்துணி சுத்துவாங்க. இன்னிக்கு இன்ஜெக்ஷன் கார்ல சென்சார் பார்த்து அளவை மாத்திக்குது. பெரும்பாறை உயரத்துக்கெல்லாம் காரைப் பழி சொல்ல முடியாது.

எஸ்டேட் ஜீப்பா? டீசல்னா பொறியே கிடையாது. டீசல் தீர்ந்து காத்து புகுந்திருந்தா, பழைய வண்டிகள்ல ஃபில்டர் பக்கத்துல இருக்குற கை பம்ப்பை அழுத்திக் காத்தை வெளியேத்தலாம். ஆனா, காமன் ரெயில் டீசல்ல பைப்பைக் கழட்டவே கூடாது. உள்ளே இருக்குற அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல போகும், தோலைத் துளைச்சுடும்.

இவ்வளவுக்கும் மசியலைனா, சிக்னல் கிடைக்குற மேட்டுக்குப் போய் மெக்கானிக்குக்குப் போன் போடுங்க. 'அண்ணே, கார் ஸ்டார்ட் ஆகலை'னு மட்டும் சொன்னா அவர் பேட்டரியோட வருவார். 'கிராங்க் ஆகுதுண்ணே, பம்ப் சத்தம் இல்லை, ஃப்யூஸ் நல்லாருக்கு, ரிலே மாத்தியும் வரலை'னு சொல்லுங்க. பம்ப்போட வருவார். இருட்டுறதுக்கு முன்னாடி இறங்கலாம்.